கரையில் சொன்ன கணியம்

1

கப்பலை மூடிவிடலாமா என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

பழுப்பு உறை. என் பெயர், அப்பா பெயர், மயூர் விஹார் வீட்டு எண், எல்லாம் பிழையில்லாமல். ஊர்ப்பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யாரோ தட்டச்சு செய்த தமிழ். 'பொருளில் கண்ட கப்பல் சிதைவில் ஆழ்கடல் முக்குளிப்பு மேற்கொள்ள இவ்வாண்டு புதுப்பித்தல் விண்ணப்பம் ஏதும் வரப்பெறவில்லை. எனவே கோப்பினை முடித்துவிட உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் பதினைந்து தினங்களுக்குள் தெரிவிக்கவும்.' அதற்குக் கீழே நகல் பெறுவோர் ஏழு பேர்.

முப்பது வருடமாக லோதி ரோடு அலுவலகத்தில் நானும் இதே கடிதத்தைத்தான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கோப்பு சாகும்போது என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். நாடாவை இழுத்துக் கட்டுகிற சத்தம். வேறொன்றும் இல்லை.

என் மனைவி செலின் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "மூடட்டுமே. இனி அதுல என்ன கெடக்கு?" என்று சொல்லிவிட்டு, கூலருக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு பால்கனிக்குப் போனாள். மே மாதம். காற்று அடுப்படியிலிருந்து வருவதுபோல் வருகிறது. காலையில் முக்கால் மணி நேரம் குழாயில் வந்த தண்ணீரை வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்திருக்கிறோம். கடற்கரையில் பிறந்த இரண்டு பேர் கிண்ணங்களில் தண்ணீரைப் பத்திரப்படுத்தி வாழ்கிறோம்.

இனி அதில் என்ன கிடக்கிறது? அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அலுவலகத்துக்கு எழுத வேண்டிய பதிலை எழுதத் தெரியாமல், ஊர்ப்பக்கத்தில் தமிழ் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

கடலோரத்தவர் அல்லாதவர்களுக்காகச் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

கடலுக்கு அடியில் பாறைத்திட்டு இருந்தால் அதைப் பார் என்போம். பார் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும். எங்கள் ஊருக்கு நேரே, கரையில் நிற்பவன் கண்ணுக்கு வள்ளம் தெரியாத தூரத்தில், கைவிரித்து அளந்தால் பதினாலு பாக ஆழத்தில் ஒரு பார் உண்டு. அது பாறை இல்லை. கப்பல். வெள்ளைக்காரன் காலத்தில் தண்டவாளம் ஏற்றிக்கொண்டு போன நீராவிக் கப்பல் என்று சொல்வார்கள். எப்படி முழுகியது, எத்தனை பேர் போனார்கள், யாருக்கும் தெரியாது. தூண்டிலில் ஒரு முறை துருப்பிடித்த இரும்புத் துண்டு வந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குக் கப்பல்பார் என்று பெயர். அந்தப் பெயரையும் எங்கள் வீட்டைத் தாண்டி இரண்டு மூன்று வீடுகள்தான் அறியும்.

கடலில் ஏது அடையாளம்? கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பார்த்தால் ஒரு மலை முகடும் ஒரு கோபுரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். இன்னொரு பக்கம் திரும்பினால் வேறு இரண்டு பொருள்கள் அதேபோல் பொருந்த வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்திக் கல்லைப் போட்டால் கல் கப்பலில் விழும். இதற்குக் கணியம் என்று பெயர். எந்த முகடு, எந்தக் கோபுரம் என்று இங்கே எழுத மாட்டேன். இப்போது எழுதாமல் இருந்து என்ன ஆகப்போகிறது என்றும் தெரியும். ஆனாலும் எழுத மாட்டேன்.

கணியத்துக்கு ஒரு முறை உண்டு. அப்பன் மகனுக்குச் சொல்வான். கடலில் வைத்துத்தான் சொல்வான், அந்த இடத்திலேயே நின்று. கரையில் வாயைத் திறக்கக் கூடாது. எழுதக் கூடாது. எங்கள் அப்பா சவரிமுத்து, அண்ணன் சூசையையும் என்னையும் ஒரே நாளில் வள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதற்கு மறு வருடம் நான் தேர்வெழுதி டெல்லிக்கு வேலைக்கு வந்துவிட்டேன். அண்ணன் கடலில் நின்றான்.

சர்க்கார் குவார்ட்டர்ஸ், பிறகு மயூர் விஹார். நிசாமுதீன் பாலத்தின் மேல் சார்ட்டர்டு பஸ்ஸில் தினமும் இரண்டு முறை யமுனையைக் கடக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் கறுத்த தண்ணீரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். ஜன்னல் வழியாகப் பூஜைப்பூவைப் பாலிதீன் பையோடு எறிவார்கள். நான் அந்தப் பாலத்தில் உட்கார்ந்து பல வருடம் கணியம் பார்த்திருக்கிறேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் எந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. வெறும் சேறு.

3

என் மகள் லில்லி டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாடகைக்கு எடுத்த சைக்கிளை ஓட்டுவதுபோல. படிக்க வராது. லோதி ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது, பெரிய ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று செலின் சொன்னாள். நானும் சரி என்றேன். அந்தச் சரிக்குப் பிறகு எனக்கும் லில்லிக்கும் இடையில் பேச்சு மெல்ல மெல்லச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று சுருங்கிவிட்டது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் அவள் ஒரு கிளப்பில் சேர்ந்தாள். கடலுக்கடியில் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு நீந்துகிறவர்களின் கிளப். டெல்லியில்! ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் ஞாயிறு காலைகளில் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஹரியானாக்காரர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்ஜி. பத்தொன்பது வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாராம். இவ்வளவு தண்ணீரையும் வயலுக்குப் பாய்ச்சாமல் விட்டிருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது என்பார்.

லில்லிக்குத் துணையாகப் போன நான், நான்காவது ஞாயிறு குளத்துக்குள் இறங்கினேன். நாற்பத்தேழு வயது. மாஸ்டர்ஜி என் தோளில் தட்டி, தண்ணீருக்குள் ஒரே ஒரு விதிதான், மூச்சைப் பிடிக்காதே, விட்டுக்கொண்டே இரு என்றார். நான் கேட்டு வளர்ந்தது நேர் எதிர். முங்குகிறவன் மூச்சைப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். ஒவ்வொரு முறையும் பிடித்தேன். அவர் என் நெஞ்சில் விரலால் குத்திக் குத்தி விடவைத்தார். மீனவன் பெற்ற பிள்ளைக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று கரையேறியதும் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். லில்லியும் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அன்று வீட்டில் ராஜ்மாவும் சோறும். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ஆப்கா காவ்ன்... உங்க ஊர்ல கடல் இருக்குல்ல? அங்க உள்ள ஏதாவது ஷிப் இருக்கா? ஓல்டு ஷிப்? யாரும் பாக்காதது?"

இருபது வருடத்தில் என்னிடம் இருக்கிற ஒரு பொருளை என் மகள் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் நிலம் இல்லை. நகை இல்லை. அவளுக்குப் புரிகிற மொழிகூட முழுசாக இல்லை. ஒரு கப்பல் இருந்தது.

நான் சொன்னேன். சாப்பாட்டு மேசையில், ராஜ்மா கிண்ணத்தை ஒரு முகடாகவும் உப்பு டப்பாவைக் கோபுரமாகவும் வைத்து, கடலிலிருந்து இரண்டு இரவு மூன்று பகல் ரயில் தூரத்தில், அப்பா கடலில் சொன்னதைக் கரையில் சொன்னேன். அவள் ஆங்கில எழுத்தில் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். செலின் மட்டும் உண்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கடற்கரைக்காரி.

"எழுதுறாளே," என்றாள்.

எழுதட்டும் என்றேன். எழுதினால்தானே அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

4

இதுவரை செய்தது ஒரு தகப்பனின் தவறு. அடுத்துச் செய்தது ஒரு குமாஸ்தாவின் தவறு. அதுதான் பெரியது.

கிளப் துள்ளிக் குதித்தது. யாரும் முங்கிப் பார்க்காத கப்பல்! மாஸ்டர்ஜி கடல் வரைபடத்தை விரித்தார். நான் சொல்ல, அவர் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார். வெட்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. எங்கள் வீட்டு நான்கு தலைமுறை அந்தக் குறிக்குள் அடங்கிவிட்டது.

அனுமதி வாங்க வேண்டும். அதை என்னிடம் விடுங்கள் என்றேன். கோப்பு நகர்த்துவது என் தொழில். எங்கள் பிரிவில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே: படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதே, காலிக் கட்டம் ஆறு மாதத்தைத் தின்னும். நான் ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. விண்ணப்பதாரர் பெயர், தந்தை பெயர், நாள், நபர்கள், படகு, அட்சரேகை, தீர்க்கரேகை.

ஒரு மாதம் கழித்துக் கேள்வி வந்தது. மேற்படி இடத்தில் கப்பல் சிதைவு இருப்பதாக வரைபடத்தில் காணப்படவில்லை, தாங்கள் இடத்தை அறிந்த விதத்தை ஆதாரத்துடன் தெரிவிக்கவும். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். இணைப்புத்தாளில், அழகான தமிழில், பரம்பரை மீனவக் கணியம் என்று தலைப்பிட்டு, எந்த முகடு எந்தக் கோபுரத்தின்மேல் ஏற வேண்டும், மறுபக்கம் எது எதோடு பொருந்த வேண்டும் என்று முழுவதும் எழுதி, கையெழுத்திட்டு, ஏழு நகல் வைத்துப் பதிவுத்தபாலில் அனுப்பினேன். அந்த இணைப்புத்தாளை எழுதிய சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது. அப்பா பெயர் ஒரு அரசுக் கோப்பில் முதல்முறையாக ஏறுகிறது என்று பெருமையாக இருந்தது.

அனுமதி வந்தது. பிப்ரவரியில், கடல் அடங்கிக் கிடக்கும் பத்து நாள்.

அண்ணனிடம் சொல்லவில்லை. கடைசி நாள் லில்லியோடு போய் வாசலில் நிற்கலாம் என்று இருந்தேன். அவன் கடலின் அடியை நான் பார்த்து வந்து அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.

5

எங்கள் ஊர்ப் படகு வேண்டாம் என்று இரண்டு ஊர் தள்ளி ஒரு படகை அமர்த்தியிருந்தோம். டெல்லிப் பிள்ளைகள் எட்டுப் பேர், மாஸ்டர்ஜி, நான். விடிந்து வெயில் ஏறாத நேரம். சுக்கான் பிடித்தவர் என் வயதுக்காரர். நான் அவசரத்தில் "ஜல்தி, ஜல்தி" என்றுவிட, அவர் திரும்பிப் பார்த்து, "சார் வடக்கா?" என்றார். இந்த ஊர்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கரை தாழ்ந்து கோடாகியது. நான் எழுந்து படகின் முன்முனைக்கு, அணியத்துக்குப் போய் நின்றேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பின் கணியம் பார்க்கப்போகிறேன். கண் முகட்டைத் தேடியது. பனிமூட்டத்தில் அது கிடைக்கவில்லை. பயந்துபோனேன். அப்போது சுக்கான்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க உக்காருங்க சார். எடம் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நோட்டீஸ்ல போட்டுருக்கானே. ஏலக்கூடத்துச் செவுத்துல ஒட்டியிருக்கு. எல்லா ஊர்லயும் ஒட்டியிருக்கான் சார், இந்தப் பத்து நாளும் மத்த வள்ளம் இங்க வரப்படாதுன்னு. எந்த எடம்னு தெரியணும்லா, அதான் கணியத்தையும் போட்டுருக்கான்." பிறகு, ஒரு நல்ல செய்தியைப் பகிர்ந்துகொள்கிற முகத்தோடு, "இத்தன வருசமா எவனோ ஒளிச்சு வச்சுருந்துருக்கான் பாத்துக்கிடுங்க," என்றார்.

என் இணைப்புத்தாள். ஏழு நகல். அதில் ஒன்று யாரோ ஒரு பொறுப்பான அலுவலர் கைக்குப் போயிருக்கிறது. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

லில்லி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சலோ." முகமூடியை மாட்டினேன். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். காதுக்குள் கடல் அழுத்தியது. மூக்கைப் பிடித்து ஊதினேன். பச்சை, பிறகு கரும்பச்சை, பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு நிழல் மெல்லத் திரண்டது. முதலில் மேகம்போல, பிறகு சுவர்போல. கப்பல் தன் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது, களைத்துப் போன மனுஷி ஒருக்களித்துப் படுப்பதுபோல.

எப்படிச் சொல்வேன். இரும்பு இருக்கும் என்று நினைத்துப் போனேன். இரும்பையே பார்க்க முடியவில்லை. எல்லாம் உயிர். மஞ்சள் வரிபோட்ட மீன்கள் ஒரே உடம்பாகத் திரும்பி ஒரே உடம்பாக விலகின. பாறை மீன்கள் வெள்ளித் தகடுகளாக வளைந்து வந்தன. ஊளி மீன்கள் மேலே ஈட்டிகளாக அசையாமல் நின்றன. சரக்கு அறையின் வாயில், ஆள் உயரக் கலவா மீன் ஒன்று, வீட்டுக்காரர்போல, யார் நீங்கள் என்று கேட்கிற முகத்தோடு நின்றது. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சிங்கி இறாலின் மீசைகள் நீண்டு எங்களைத் தொட்டுப் பார்த்தன. தண்டவாளங்கள் அடுக்கு குலையாமல் கிடந்தன. அவை போய்ச் சேர வேண்டிய ஊரில் இன்னும் ரயிலுக்குக் காத்திருக்கிறார்களோ என்னவோ. நான் மூச்சை விட்டுக்கொண்டே இருந்தேன். நீர்க்குமிழிகள் என் அழுகையை மேலே கொண்டுபோயின.

லில்லி என் முன்னால் வந்து, விரலால் வட்டம் காட்டினாள். நலமா என்று கேட்கிற சைகை. நானும் வட்டம் காட்டினேன். அந்த முப்பது நிமிடம் நாங்கள் இருவரும் ஒரே மொழி பேசினோம். அவளுக்கு அது என்னைவிட நன்றாக வந்தது.

பின்பக்கம் போனபோது அதைப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பியில், உடைந்த பாய்மரத்தில், சங்கிலியில், எங்கும் தூண்டில் நூல்கள். சிக்கி, அறுந்து, பாசி பிடித்து, முடிக்கற்றைபோல நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் ஈயக்குண்டு. மூங்கில் கணுவில் ஊற்றி வார்த்த குண்டு, நடுவில் வளையத் தழும்போடு. எங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படி வார்ப்பார்கள். மேலே வள்ளத்தில் உட்கார்ந்து ஒரு குடும்பம் இத்தனை வருடம் கண் தெரியாமல் தடவித் தடவிச் சோறு எடுத்த இடம் இது. நான் ஒரு குண்டை அறுத்து எடுத்துக்கொண்டேன்.

6

கடைசி நாள் வரை பொறுக்க முடியவில்லை. மறுநாளே லில்லியோடு ஊருக்குப் போனேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து தூண்டிலுக்கு நூல் முடிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் எழவில்லை. லில்லியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா மக்கா," என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தான். மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள்.

கடலுக்குள் போனியாமே, என்ன பார்த்தாய் என்று அவன்தான் கேட்டான். அவள் தனக்குத் தெரிந்த தமிழிலும் தெரியாததற்கு இந்தியிலும் கையிலும் சொல்லத் தொடங்கினாள். அண்ணன் முடிந்துகொண்டிருந்த நூலைக் கீழே வைத்தான். நாற்பது வருடம் கயிற்றின் இந்த முனையில் இருந்தவன், அந்த முனையில் என்ன இருக்கிறது என்று முதல்முறையாகக் கேட்கிறான்.

"கலவா எந்தப் பக்கமா நிக்கி?"

அவள் மணலில் கப்பலை வரைந்தாள். சரக்கு அறையைக் காட்டினாள்.

"அப்பம் நான் போடுறது இங்ஙன," என்று விரலை வைத்தான். "ஒரு கை தள்ளிப் போட்டுருக்கணும். எம்புட்டுப் பெருசு?"

அவள் இரண்டு கையையும் விரித்தாள். போதாது என்று எழுந்து நின்று தன் உயரத்தைக் காட்டினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். மதினியைக் கூப்பிட்டு, "கேட்டியா, நம்ம வீட்டுல ஒரு புள்ள கப்பலப் பாத்துட்டு வந்துட்டு," என்றான். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்.

மதினி லில்லியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனதும் அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். சுவரிலிருந்து கிழித்தது. பின்பக்கம் பசை காய்ந்திருந்தது.

"வாசி."

மீனவர்கள் கவனத்திற்கு என்று தொடங்கினேன். நான் எழுதிய வரிகள், ஒரு எழுத்து மாறாமல்.

"கடைசில என்ன போட்டுருக்கு?"

"விண்ணப்பதாரர்," என்று என் பெயரை வாசித்தேன். பிறகு, "தந்தை பெயர், சவரிமுத்து."

"அப்பா பேரு போடாம காயிதம் போவாதோ?"

போகாது அண்ணே, ஒரு கட்டம் இருக்கும் என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. பேச்சை மாற்றுகிற மூடத்தனத்தில் பையிலிருந்து ஈயக்குண்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். அப்பா போட்டது, கீழே கிடந்தது என்றேன். அவன் உருட்டிப் பார்த்தான்.

"இது அப்பா போட்டதில்ல. நான் போட்டது. போன கார்த்திகைல அறுந்தது." திருப்பித் தந்துவிட்டான். என்னைப் பார்க்காமல், கோபமும் இல்லாமல் சொன்னான். "கணியம் கடலுக்குப் போறவனுக்கு உள்ளது. நீ பரிச்ச எழுதிட்டு நின்னவன். ஒனக்கு என்னத்துக்குச் சொல்லுதீருன்னு நான் அப்பாட்ட சண்ட போட்டேன். அது தெரியுமால ஒனக்கு?"

தெரியாது என்றேன்.

"'அவன் திரும்பி வருவாம்ல'ன்னாரு."

7

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அது நடந்ததும் சீக்கிரம்தான்.

நோட்டீஸ் சொன்ன பத்து நாள் முடிந்த பதினோராம் நாள் அங்கே முப்பது வள்ளம் நின்றதாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் வயிறு உண்டு. பிறகு வேறு துறைமுகத்திலிருந்து கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் வந்தார்கள். சிங்கி இறாலை மூலை மூலையாகத் துழாவி எடுத்தார்கள். பிறகு விசைப்படகுகள்.

கிளப் வருடாவருடம் போனது. நான் அதற்குப் பின் போகவில்லை. லில்லி போனாள். இரண்டாம் வருடம் கலவா இல்லை என்றாள். மூன்றாம் வருடம் கொண்டுவந்த படங்களில், கப்பலின் முதுகில் ஒரு பெரிய இழுவலை போர்த்திக் கிடந்தது, பிரேதத்தின்மேல் துணிபோல. அதற்குள் சிக்கிச் செத்தவற்றின் எலும்புகள். நான்காம் வருடத்துப் படத்தில் இரும்பு தெரிந்தது. தெளிவாக, ஆணி ஆணியாக. நீ முதலில் பார்க்கப்போனது இதைத்தானே, பார்த்துக்கொள் என்பதுபோல.

இப்போது அவளுக்குப் பம்பாயில் வேலை. விடுமுறைக்கு வேறு கடல், வேறு தேசம். போனில் கேட்டேன், இந்த வருடம் நம் கப்பலுக்குப் போகவில்லையா என்று. "அது டெட் சைட்பா," என்றாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். ஆனால் அவள் வருத்தப்பட்டது ஒரு இடத்துக்காக. வேறு இடங்கள் அவளுக்கு இருக்கின்றன.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். மனு. அந்த இடத்தில் வலை இழுப்பதைத் தடை செய்ய ஒன்று. பரிசீலனையில் உள்ளது என்று பதில். கோப்பிலிருந்து இணைப்புத்தாளை நீக்க இன்னொன்று. அதற்கு வந்த பதிலை இன்றும் வைத்திருக்கிறேன். நீக்கப்பட வேண்டிய விவரம் எதுவெனத் தெளிவாகக் குறிப்பிட்டு, உரிய நகல்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.

கேலி இல்லை. அவர்கள் முறை அது. என் முறையும் அதுதான்.

அண்ணனின் மகன்கள் இரண்டு பேரும் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். அவன் இந்த வயதில் கொச்சி விசைப்படகில் இரண்டு பருவம் ஆள் வேலைக்குப் போனான். முதுகு ஒத்துழைக்காமல் திரும்பி வந்துவிட்டான். இதெல்லாம் மதினி செலினிடம் சொல்லி எனக்குத் தெரிந்தது. அவன் என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. மாதம் ஒரு ஞாயிறு நான் போன் செய்தால் பேசுவான். மழை, காய்ச்சல், திருவிழா, யார் செத்தார்கள். கடலைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

8

இன்று காலை போன் செய்தேன். கடிதம் வந்த விஷயத்தைச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. கோப்பை மூடுகிறார்கள் அண்ணே, இனி அந்தத் தாள் யார் கைக்கும் போகாது என்றேன். ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற குரல் எனக்கே கேட்டது.

"ஆகட்டு," என்றான்.

ஆட்சேபணை இல்லை என்று எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றான். வைத்துவிடப்போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. அந்தக் குரலை நான் இளவயதில் கேட்டிருக்கிறேன், வள்ளம் நிறைந்து வரும் நாட்களில்.

"லேய், செலினுட்ட சொல்லு. நேத்து ரெண்டு கலவா கெடச்சுது. நல்ல கனம்."

எத்தனையோ வருடத்துக்குப் பின் கடலைப் பற்றி என்னிடம் வாய் திறக்கிறான். கலவாவா, கப்பல்பாரிலா என்று கேட்டேன். அங்கே என்ன இருக்கிறது, இது வேற என்றான். தனியாகப் போய், பல நாளாகக் கல்லைப் போட்டுப் போட்டுப் பார்த்து, ஒரு சின்னப் பாரைக் கண்டுபிடித்திருக்கிறானாம். எவனுக்கும் தெரியாது, வீட்டு முற்றத்தளவுதான் இருக்கும், ஆனால் நல்ல மீன் அடைகிற இடம் என்றான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் தண்ணீர் தெரிந்தது. கரை தெரிந்தது. அவன் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. சந்தோஷத்தில், வேறு எதுவும் நினைக்காமல், கேட்டுவிட்டேன்.

"எங்கண்ணே?"

அவன் மூச்சுகூடக் கேட்கவில்லை. சொன்னதைத் திரும்ப எடுக்க ஏதாவது சொல் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் தேடினேன்.

"அங்க மழ உண்டால?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.